மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே

திங்கள், இரவு

அப்பாவைக் கேலிச்சித்திரமாக வரைய உட்கார்ந்தேன். மூக்கைப் பெரிதாக்கி, காதை விரித்து முடித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா இது, உன் பெரியப்பாவா?" என்றாள். எங்கே தவறியது என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

செவ்வாய்

இன்று எதையும் பெரிதாக்கவில்லை, அளவுகள் மட்டும். முட்டை வடிவில் ஒரு தலை. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் சரிபாதியில் கண்கள். எத்தனை தடவை படித்தாலும் கைக்கு இது ஏறவில்லை. நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே தூக்கிவிடுகிறது. முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண். இரு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கும் அளவு இடம். புருவத்துக்கும் மோவாய்க்கும் மத்தியில் மூக்கடி. காதின் மேல்விளிம்பு புருவத்துக்கு நேர், காதுமடல் மூக்கடிக்கு நேர். இருபது தலை வரைந்திருப்பேன். அச்சாக இந்த அளவில் இருக்கிற மனிதர் யாரும் இல்லை. ஒருவர் எந்த இடத்தில் விலகுகிறார் என்று பார்க்கத்தான் இது.

புதன்

அப்பா பேப்பர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் அளந்தேன். மூக்கு எல்லோருக்கும் இருக்கிற மூக்கு. காதும் அப்படித்தான். மூக்கடியிலிருந்து மோவாயை நோக்கி மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் வழக்கமாக வாய்க்கோடு வந்துவிடும். அப்பாவுக்குப் பாதித் தூரம் போக வேண்டியிருந்தது. நீண்ட மேலுதடு, அதற்குக் கீழே அவசரமாக முடிந்துவிடும் மோவாய். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். பென்சில் காட்டித்தான் தெரிந்தது.

வியாழன்

கேலிச்சித்திரம் என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. கேரிகேச்சருக்கு வேரான இத்தாலியச் சொல்லுக்குப் பாரம் ஏற்றுவது என்று பொருள். அதுதான் சரி. பாரத்தை எங்கே ஏற்றுவது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. 1831-ல் பாரிஸ் நீதிமன்றத்தில் ஓவியர் ஷார்ல் பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பின் முகம் நான்கே படங்களில் பேரிக்காயாவதை வரைந்து காட்டினார். மேலே குறுகி, தாடையில் பருத்த மொத்த வடிவத்தைத்தான் அவர் பிடித்தார்; கண்ணும் மூக்கும் அதற்குள் அடங்கிக்கொண்டன.

1930-களில் ஆனந்த விகடனில் ஓவியர் மாலி வரைந்த சங்கீத வித்துவான்களையும் எடுத்துப் பார்த்தேன். கோடுகள் கொஞ்சம்தான், ஆனாலும் கச்சேரி கேட்கிறது. பிரியம் இல்லாதவரால் ஒரு முகத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

வெள்ளி

2பி பென்சில். முதலில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நெற்றி அகன்று கீழே ஒடுங்கும் வெளிக்கோடு. அதற்குள் மேலுதட்டை நன்றாக இழுத்து நீட்டினேன். அங்கே கொடுத்ததை வேறெங்காவது எடுக்க வேண்டும். கண்ணையும் மூக்கையும் சிறிதாக்கினேன், மோவாயை ஒரே வளைவில் முடித்தேன். மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடி.

அம்மா கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றே பார்த்துவிட்டாள். "ஐயோ, கரண்ட் பில்லைப் பார்க்கிற முகம்டா இது!"

அப்பா வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் தன்னால் மேலுதட்டுக்குப் போயிற்று. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும்," என்றார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, "கீழே தேதி போடு," என்றார்.