டிட் வந்தா வென்ட் வராது

போன வாரம் காலை ஸ்டேட்டஸ் மீட்டிங். எங்க டீமுக்குப் புதுசா வந்திருக்கற தம்பி, "யெஸ்டர்டே ஐ டிட் நாட் ஃபினிஷ்ட் தி டெஸ்டிங். பில்ட் டிட் நாட் கேம்"னு சொன்னான். ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், முதல்ல சிரிச்சது நான்தான்.

நானும் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். என்ஜினியரிங் கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூல, "ஐ டிட் நாட் வென்ட் டு எனி கோச்சிங் கிளாஸ்"னு பெருமையாச் சொன்னவன். எதிர்ல இருந்தவர் லேசாச் சிரிச்சார். அதுக்கப்புறம் அவர் கேட்ட கேள்வி எதுவும் என் காதுல விழலை. வேலையும் கிடைக்கலை. அப்படிப்பட்டவன் சிரிக்கலாமா?

நாள் பூரா ஆணி புடுங்கறதுல மனசு ஓடலை. சாயங்காலம் அவனை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"ரூல் எல்லாம் தெரியும்ணா. நேத்து நடந்ததுன்னு நெனச்சாலே வாய் தானா வென்ட்னு போயிடுது."

"சரி, தமிழ்ல சொல்லு. 'நேத்து ஊருக்குப் போனேன்.' இதை இல்லைன்னு மாத்து."

"போகலை."

"ஏன், 'போனலை'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

டீ கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் சிரிச்சான்.

ஸ்கூல்ல பகுபத உறுப்பிலக்கணம் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? இறந்தகால இடைநிலை த், ட், ற், இன். செய்தான்ல த், உண்டான்ல ட், சென்றான்ல ற், ஓடினான்ல இன். ஆனா செய்யலை, ஓடலைன்னு சொன்னா அந்த இடைநிலையே காணோம். எப்பன்னு சொல்றதுக்கு 'நேத்து'ன்னு தனியா ஒரு வார்த்தை போடறோம். இங்கிலீஷ்ல அந்த வேலையை டிட் பார்த்துக்குது. அது காலத்தைச் சுமந்துக்கிட்டதும் வென்ட் பழையபடி கோ ஆயிடும், ஃபினிஷ்ட் ஃபினிஷ் ஆயிடும்.

கேள்விக்கு மட்டும் இந்த ஒப்பீடு சரிவராது. நாம 'போனியா'ன்னு இறந்தகாலத்துலயே கேட்கறோம். அவங்க அங்கேயும் டிட்டை முன்னாடி நிறுத்தி 'டிட் யூ கோ'ங்கறாங்க. அப்புறம் வாஸ், வேர் ரெண்டும் டிட் கூடச் சேரவே சேராது. வாஸ் நாட், வேர் நாட், அவ்ளோதான்.

"உங்களுக்கு யாருண்ணா இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லிக் குடுக்கலை. இன்டர்வியூ கதையைச் சொன்னேன். காலைல முதல்ல சிரிச்சது நான்தான்னும் சொன்னேன்.

"தெரியும்ணா. பார்த்தேன்"னான்.

டீக்காசை அவனே குடுத்துட்டான்.

மறுநாள் மீட்டிங்ல, "ஐ டிட் நாட்..."னு ஒரு நொடி நிறுத்தி, என்னைப் பார்த்துட்டு, "ஃபினிஷ்"னான். யாரும் சிரிக்கலை. டெஸ்டிங் இன்னும் முடியலைங்கறது வேற விஷயம்.