புகலும் பொறுப்பும்

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்காற் கடற்பரப்பில் ஒரு படகு ஒதுங்கி நின்றது. மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர், குழந்தைகளும் இருந்தனர். மீனவர் கண்டனர், கரையோரத்தார் உணவளித்தனர். பின்னர் அப்படகு திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. செய்தியை வாசித்த என் நினைவு 1990ஆம் ஆண்டுக்கு ஓடிற்று.

அவ்வாண்டில் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறியோருள், ஒன்பது வயதுச் சிறுவனாக, நானும் ஒருவன். மண்டபம் முகாமில் எம்மைப் பதிந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கவென ஒரு காலத்தில் இயங்கிய முகாம் அது என்பதை, நாடு மீண்டு பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தேன். இங்கு வருவோர் காத்திருந்த இடத்தில், இங்கிருந்து ஓடியோர் காத்திருந்தோம். அரிசியும் உதவிப்பணமும் தந்தனர், பாடசாலையிற் சேர்த்தனர். ஆயின், 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இந்தியா ஒப்பமிட்ட நாடன்று. எச்சட்டத்தின்படி எம்மை ஏற்றனர் என்று அன்று என் தாயாரிடம் கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

அச்சமவாயத்தைப் பின்னர் பாடமாகக் கற்றபோது ஒரு குறை என்னை உறுத்திற்று. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்று அதன் 33ஆம் உறுப்புரை திட்டமாகக் கூறுகின்றது. புகலளிப்பதனாற் சில நாடுகள்மீது மிகைச்சுமை விழலாம், சர்வதேச ஒத்துழைப்பின்றி அதற்குத் தீர்வில்லை என்பதையோ முகவுரை மாத்திரமே பேசுகின்றது. எவர் எவ்வளவு சுமப்பது என விதிக்கும் உறுப்புரை ஒன்றேனும் இல்லை. ஆகவே பொறுப்பைப் பங்கிடுவது நீதியன்று. காற்றும் நீரோட்டமும் எல்லையின் அண்மையுமே. வங்காளதேசம் ஏறத்தாழப் பத்து இலட்சம் ரோஹிங்கியரைத் தாங்குவது செல்வத்தினால் அன்று, அடுத்த வீடு என்பதனாலேயே.

பங்கிடவே முடியாது என்பதும் பொய். 1979 ஜூலையில் ஜெனீவாவிற் கூடிய மாநாட்டையொட்டி, இந்தோசீன அகதிகளை மீளக் குடியமர்த்தும் வாக்குறுதிகள் 125,000 இலிருந்து 260,000 ஆக உயர்ந்தன. படகுகளைக் கடலுக்கே தள்ளிய தென்கிழக்காசிய அரசுகள், பிறர் ஏற்பர் என்ற உறுதியின் பேரில் தற்காலிகமாகக் கரை தர இசைந்தன. (தன் மக்கள் தப்பிச் செல்வதை வியட்நாம் தடுப்பதும் அவ்வேற்பாட்டின் விலையில் அடங்கியிருந்தது, பனிப்போர்க் கணக்கும் இருந்தது. கருணை மாத்திரமே எனக் கொள்ளுதல் பேதைமை.) 2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகளாவிய உடன்பாடு பொறுப்புப் பகிர்வையே மையமாக்கியது. ஆனால் அது எவரையும் சட்டத்தாற் கட்டுப்படுத்துவதன்று.

இலங்கையும் 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் ஒப்பமிடவில்லை. எம்மவர் இலட்சக்கணக்கிற் பிறர் கரைகளில் இறங்கிய பின்னரும் இல்லை. "எங்களுக்கே வழியில்லை, இவர்களை எப்படி ஏற்பது?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். அவர் குடும்பமும் இடம்பெயர்ந்ததே. ஆதலால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், 1990இல் இராமேசுவரத்து மீனவருக்கும் அவ்வினாவைக் கேட்கும் உரிமை இருந்தது.

முகாமில் எமக்குத் தந்த அலுமினியப் பானை இன்றும் மன்னார் வீட்டில் உண்டு. தாயார் அதிலேதான் அரிசி போட்டு வைக்கிறார். செய்தி வந்த அன்று தொலைபேசியில், "முள்ளிவாய்க்காலுக்கு எத்தனை மணிக்கு பஸ் இருக்கு?" என்று கேட்டார். படகு திருகோணமலைக்குப் போய்விட்டது என்றேன். "அப்ப அங்க எத்தனை மணிக்கு?" என்றார்.