மழை மேல் போட்ட பழி

கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் நிலத்தின் அடிப்பகுதி சதுப்பாக இருந்தது. கோரை மண்டி, கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் இடம். அப்பா அதைத் தொட்டதே இல்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த காசு பறிகூலிக்கே பத்தாமல் போன வருடங்களில் நான் தொட்டேன். ஜேசிபி இறக்க அனுமதி வாங்க வேண்டும் என்பதால் ஆட்களை வைத்து, நடுவே இடுப்பளவு ஆழத்தில் ஒரு வாய்க்கால், இரு பக்கமும் கிளைகள் என்று வெட்டி, தண்ணீரை ஓடையில் இறக்கினேன். பிறகு அங்கே கேரட் போட்டேன். அந்தக் கறுப்பு மண் உரம்கூட அதிகம் கேட்கவில்லை. கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினேன். கடன் அடைந்தது. மகளைச் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்த்தேன்.

அந்த மண் எப்படி உண்டானது என்பது எனக்குத் தெரியாததல்ல. கோரையும் புல்லும் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது அது. நீலகிரியின் இப்படிப்பட்ட படிவுகளை ஆராய்ந்து ரா. சுகுமார் குழுவினர் 1993-ல் வெளியிட்ட கட்டுரை, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பருவமழை நிலவரத்தையும் அந்த மண்ணிலிருந்தே கணித்தது. பெய்கிற மழையை உள்ளே இழுத்து வைத்து, மாசி பங்குனியில் ஊற்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சதுப்பின் வேலை. வடித்துவிட்டால் மழைத் தண்ணீர் மழையோடு போய்விடும்.

போகவும் செய்தது. எங்களுக்குக் கீழே இருக்கும் குடியிருப்பில் ஊற்று பங்குனிக்கு முன்பே அடங்கிவிட்டது. அங்கிருக்கும் அக்கா ஒருவர் குடத்தோடு மேலே ஏறி வந்து, "ஏன் தம்பி, இந்த வருசம் இவ்வளவு சீக்கிரம் நின்னுபோச்சு?" என்று கேட்டார்.

"மழை பத்தலக்கா" என்றேன்.

ஐப்பசி முழுக்க என் வாய்க்கால் கரை தொட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த ஒரு பதிலையே அடுத்தடுத்த கோடைகளிலும் சொன்னேன்.

மகளை விடுதியில் விடப் போனபோது பிச்சாவரத்தில் படகு ஏறினேன். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவே உள்ள அலையாத்திக் காடு அது. 2004 சுனாமியின்போது பின்னாலிருந்த குப்பங்களை அந்தக் காடு காத்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் தோளை உரசும் அளவுக்கு ஒடுங்கிய கால்வாய்களில் துடுப்புப் படகு நுழைந்து போகும். ஓர் இடத்தில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மலைச்சரிவிலும் இருளர்கள் இருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவர்களை நேராகப் பார்க்க எனக்குக் கூசியது.

படகுக்காரர் ஒரு கால்வாயைக் காட்டி, அது வெட்டினது என்றார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்ததில் தரை காய்ந்து அமுங்கி, பள்ளத்தில் கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி, மறுபடி மரம் முளைக்காமல் போயிற்று. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே மீன்முள் மாதிரி கால்வாய் வெட்டி, ஓதம் வந்து போக வழிசெய்து, கன்று நட்டுக் காட்டை மீட்டார்கள். நடுவே ஒன்று, இரு பக்கமும் கிளைகள். நான் வெட்டியதும் அதே வடிவம்தான். அவர்கள் மரம் பிழைக்கத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். நான் உயிரோடிருந்த நிலத்திலிருந்து அதை வெளியேற்றினேன்.

ஊட்டிப் பக்கம் என்று சொன்னதும் அவர் கேட்டார்: "நல்ல தண்ணி முன்ன மாதிரி வர்றதில்ல சார். உங்க மலையில மழை இல்லையா?"

"ஆமாங்க, மழை கம்மிதான்" என்றேன்.

எங்கள் பள்ளத்தாக்கின் ஓடைகள் காட்டேரி வழியாக இறங்கிப் பவானியில் சேர்கின்றன. பவானி காவிரியில் சேர்கிறது. காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாக அந்தக் காட்டின் தெற்கே கடலுக்குப் போகிறது. இடையில் பவானிசாகர், கீழணை, வயல்கள், ஊர்கள், ஆலைகள். இத்தனைக்கும் நடுவில் என் வாய்க்காலின் பங்கு கண்டுபிடிக்கவே முடியாத அளவு சிறியது. அந்தக் கணக்கைச் சொல்லித்தான் படகிலிருந்து இறங்கும்வரை என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கீழ்க் குடியிருப்பின் ஊற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை அடைத்தது அணையும் இல்லை, ஆலையும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம், எந்த நட்டமும் வராத இடத்தில்கூட, எனக்கு உண்மை வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. வாய்க்கால் வெட்டியதற்கு வறுமையைக் காரணம் சொல்லலாம். இந்தப் பொய்க்கு எதைச் சொல்வது?

ஊர் திரும்பி அந்த அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப மூடிடுவியா?" என்று மட்டும் கேட்டார். வாய்க்காலில் நாலைந்து இடத்தில் கல்லும் மண்ணும் போட்டு அணைத்தால் போதும், சதுப்பு மெல்ல மெல்ல ஊறும். பெரிய செலவு இல்லை. கேரட் போகும், அவ்வளவுதான். "இந்த அறுப்பு முடியட்டும்க்கா" என்றேன்.

அறுப்பு முடிந்துவிட்டது. அதே பாத்திகளில் மறுபடியும் விதை போட்டிருக்கிறேன்.