ஐநூறு ரூபாயின் குடியுரிமை

ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சங்கத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கிறார்கள். நற்பணி மன்றம், முதியோருக்கு மதிய உணவு, இரத்ததானக் குழு, மாலை நேரப் படிப்பு மையம் என்று புதுவையில் தெருவுக்கு ஒன்று உண்டு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பணம் எங்கே கிடைக்கும்?" அரசாங்கத்தில் 34 வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அதில் 11 வருடம் மானியக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. அதனால் எனக்கு ஏதோ கொல்லைப்புறக் கதவு ஒன்று தெரியும் என்று நினைக்கிறார்கள்.

கதவெல்லாம் ஒன்றும் இல்லை. நான் திருப்பிக் கேட்பது, "எதுக்குப் பணம்?" என்பதைத்தான். ஏனென்றால் பணத்துக்குப் பணம் குணம் வேறு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உறுப்பினருக்கு வருடத்துக்கு 5 கோடி ரூபாய். ஆனால் அது கட்டடம், கருவி போன்ற நிலைத்து நிற்கும் சொத்துக்குத்தான். ஆசிரியைக்குச் சம்பளம் தர அதில் ஒரு பைசா எடுக்க முடியாது. கம்பெனிகள் கொடுக்கும் சமூகப் பொறுப்பு நிதியும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. சட்டப்படி சம்பளத்துக்குத் தடை இல்லை. ஆனால் போட்டோவில் விழாத செலவுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனசு வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மையத்துக்கு ஒரு கம்பெனி 12 மேசைகளைக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் கம்பெனியின் பெயர் ஒட்டியிருக்கும். மேசை போட்டிருக்கும் அறைக்கு வாடகை கேட்டபோது, "அது எங்கள் திட்டத்தில் வராது" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மையத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கல்லூரி முடித்த நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பித்தது. 38 குழந்தைகள். அம்மாக்கள் வீட்டு வேலைக்கோ மீன் விற்கவோ போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவர்கள். ஐந்து மணிக்கு வந்தால் சுண்டல் உண்டு, பிறகு படிப்பு. வாடகை 6,500, இரண்டு ஆசிரியைகளுக்கு ஆளுக்கு 4,000, சுண்டல், மின்சாரம், சாக்குக்கட்டி எல்லாம் சேர்த்து 3,500. மாதம் 18,000 ரூபாய். இரண்டு வருடம் தங்கள் கைக்காசிலும் தெரிந்தவர்கள் தயவிலும் ஓட்டினார்கள். வீட்டுக்காரர் மூன்று மாத பாக்கிக்குக் கெடு வைத்த பிறகுதான் பொருளாளர் பையன் என்னிடம் வந்தான்.

"ஐயா, கம்பெனிங்க லாபத்துல ரெண்டு சதவீதம் குடுக்கணும்னு சட்டம் இருக்காமே?"

இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பிரிவு 135. நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி இருக்கும் கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் வாங்குகிற சங்கத்துக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும். வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் இரண்டு பதிவுகளும் வேண்டும். (2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்களே மாறிவிட்டன. வாய்ப்பேச்சில் இன்னும் 80ஜி-தான்.) 2021 ஏப்ரலிலிருந்து மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 என்ற படிவமும் கொடுத்திருக்க வேண்டும். பையனிடம் இருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வாட்ஸ்அப் குழுவும்.

ஆகவே முதல் வேலை, சங்கத்தைப் பதிவு செய்வது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டம். புதுவையில் நாங்கள் இன்னும் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஓட்டுகிறோம். இரண்டிலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பிரான்சில் 1901 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டப்படி இரண்டே பேர் போதும். அறிவித்துவிட்டால் அரசிதழில் போட்டுவிடுவார்கள், சங்கம் பிறந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த வால்தெக்-ரூசோவின் பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். இங்கே ஏழு பேரைச் சேர்ப்பதுகூடப் பெரிதில்லை. ஏழு பேரின் பெயரும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே, அதுதான் பெரிது. எங்கள் ஊரில் சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தால், பழைய பிறப்புச் சான்றிதழில் பிரெஞ்சு வழக்கப்படி "சு"வுக்கு எஸ், ஓ, யு என்று எழுதியிருப்பார்கள். பான் அட்டையில் எஸ், யு. ஆதாரில் இன்னொரு விதம். மனிதர் ஒருவர்தான் என்பது தெருவுக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இந்தப் பெயர் விவகாரத்திலேயே இரண்டு மாதம் போனது.

மானியக் கோப்பு ஏன் திரும்பி வருகிறது என்று என்னைக் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு இப்படிப்பட்ட காரணங்கள்தான். விண்ணப்பத்தில் உருக்கமாக நாலு பக்கம் எழுதியிருப்பார்கள். அதை மேசையில் இருப்பவன் படிக்கமாட்டான். நான் படித்ததில்லை. முதலில் புரட்டிப் பார்ப்பது மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, விதிமுறை நகல், இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாகக் குழு போட்ட தீர்மானம், இந்த வருட நிர்வாகிகள் பட்டியல். இந்தப் பட்டியலை வருடாவருடம் பதிவாளரிடம் கொடுக்கவேண்டும் என்பதையே பல சங்கங்கள் மறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு வாங்கிய மானியத்தின் பயனீட்டுச் சான்றிதழ். என் காலத்தில் அது 19-ஏ படிவம். 2017-க்குப் பிறகு 12-ஏ. எண் மாறியது, விஷயம் அதேதான்: வாங்கிய பணத்தை வாங்கிய காரியத்துக்கே செலவு செய்தேன் என்ற உறுதிமொழி. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அது வராவிட்டால் அடுத்த தவணை நகராது. நல்ல வேலை செய்த எத்தனையோ சங்கங்கள் இந்த ஒரு தாள் இல்லாமல் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பதிவு முடிந்தது, பான் வந்தது, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. ஆனால் பெரிய பணத்துக்கு இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மூன்று வருடம் காத்திருப்பாரா? அதனால் பிள்ளைகளிடம் சொன்னேன்: "தெருவுக்குப் போங்க. ஒரு வீட்டுக்கு மாசம் இருநூறு ரூபா. ரசீது குடுங்க. மாசக் கடைசியில வரவு செலவை எழுதி மையத்து வாசல்ல ஒட்டுங்க." அந்த ஒட்டுகிற வேலைதான் பலித்தது. முதல் மாதம் 19 வீடு, நாலாவது மாதம் 46 வீடு. 9,200 ரூபாய். அதாவது செலவில் சரிபாதி. மளிகைக் கடைக்காரர் கொண்டைக்கடலையைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இந்த வசூலில்தான் மதாம் வீட்டு விஷயம் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதே தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் பல எழுதிக் கொடுத்தன. மதாமின் கணவர் அப்படிப்பட்ட சொல்தா. அவர் போய்ப் பல வருடமாகிறது. மதாமுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிரெஞ்சு பென்ஷன், பிரெஞ்சு பாஸ்போர்ட். பேச்சு, சாப்பாடு, சண்டை எல்லாம் சுத்தமான புதுவைத் தமிழ்.

பையன்கள் போனதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மாதம் ஐநூறு ரூபாய் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தலைகால் புரியாமல் என்னிடம் ஓடிவந்தார்கள். நான் வாங்கக்கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பது கேள்வி இல்லை. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுக் குடிமகன் எதிர்வீட்டிலிருந்து ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருட இருப்பும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் டில்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில் போய் விழ வேண்டும். மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்க ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கோடிக்கணக்கில் வாங்குகிறவனிடம் கணக்குக் கேட்பது நியாயம். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை என்பதும் நிச்சயம்.

மதாமிடம் இதைச் சொல்ல நானே போனேன்.

"என்ன தம்பி சொல்ற? நான் என்ன பாரீசுலேருந்தா அனுப்புறேன்? தோ, முக்குல இருக்கிற ஏ.டி.எம்.ல எடுத்த பணம்."

"பணம் இந்தியப் பணம்தான்க்கா. நீங்கதான் பிரெஞ்சு."

"மீன்காரிகிட்ட வாங்கும்போது நான் பிரெஞ்சு இல்ல, பிள்ளைங்களுக்குக் குடுக்கும்போது மட்டும் பிரெஞ்சா?"

பொருளாளர் பையனின் சொந்தக் கணக்கில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். அதுவும் கூடாது; சங்கக் காரியத்துக்கு என்று தனி ஆள் வாங்கினாலும் சட்டம் அதேதான். நோட்டுப் புத்தகமாக வாங்கித் தரட்டுமா என்றார். பொருளும் நன்கொடைதான். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் என் மேல் இல்லை என்று காபி கொடுத்த விதத்தில் தெரிந்தது. ஆனாலும் அவமானப்பட்டவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வருடத்துக்கு முன்னால் கணவர் போட்ட ஒரு கையெழுத்து.

கிளம்பும்போதுதான் பேரனைப் பற்றிக் கேட்டேன். மகள் ஓர் இந்தியரைக் கட்டிக்கொண்டவர். மகள் வயிற்றுப் பேரன் இந்திய பாஸ்போர்ட்டில் துபாயில் வேலை பார்க்கிறான். அவன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலமாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. விசித்திரம்தான். நாலு வீடு தள்ளி இருக்கும் பாட்டி கொடுத்தால் வெளிநாடு, கடல் தாண்டி இருக்கும் பேரன் கொடுத்தால் உள்நாடு! அவன் பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாட்டி பணத்தைப் பேரன் வழியாகத் திருப்பிவிடும் யோசனை வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். அவனுடைய காசாக இருக்கவேண்டும். பேரன் மாதம் 5,000 அனுப்புகிறான். பழைய வரிமுறையில் இருக்கும் உள்ளூர்க்காரர் சிலர் வரிச்சலுகை கேட்கிறார்கள். 80ஜி கிடைத்த பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை என்பதை ரசீதுப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறான் பொருளாளர்.

மதாம் விஷயம் அதோடு முடியவில்லை. அந்தச் சட்டம் நன்கொடை என்று சொல்வது பொருள், பணம், பங்குப் பத்திரம் ஆகியவற்றைக் கொடுப்பதை. நேரத்தைப் பற்றி அதில் பேச்சு இல்லை. பிரெஞ்சில் சம்பளம் வாங்காமல் உழைப்பவரைப் பெனெவோல் என்பார்கள்; நல்லதை விரும்புகிறவர் என்று இலத்தீனிலிருந்து வந்த சொல். நான் இந்தச் சொல்லைச் சொன்னதும், "நான் என்ன படிச்சிருக்கேன் சொல்லிக் குடுக்க?" என்றார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு படித்தவர். இப்போது சனிக்கிழமைதோறும் ஐந்தரைக்கு வருகிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போடுகிறார், தமிழிலும் பிரெஞ்சிலும். எழுத்துப் பிழைக்கு அரை மார்க் குறைக்கிறார். பிள்ளைகள் கொஞ்சம் பயப்படுகிறார்கள். சுண்டலில் உப்பு போதவில்லை என்று ஆசிரியைகளிடம் சண்டையும் உண்டு.

கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. கடலைச் செலவு போனதால் மாதத் தேவை 16,500-க்கு இறங்கியிருக்கிறது. வரவு 14,200. துண்டு விழும் 2,300-ஐப் பிள்ளைகள் ஐந்து பேர் பகிர்ந்து போடுகிறார்கள். வாடகை பாக்கி தீர்ந்தது. முதல் வருடத் தணிக்கைக்குச் சீட்டுகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, என் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்திருக்கிறோம். அக்டோபர் மாத மின்சார ரசீது ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இன்று சாயங்காலம் பையன் மின்துறை அலுவலகத்துக்குப் போயிருக்கிறான், நகல் வாங்க.