முதல் நாளே சமநிலை

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், சனிக்கிழமை. இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில் அமைந்துள்ள கிரேவன் காட்டேஜ் அரங்கில், இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கின் புதிய பருவத்தில் லிவர்பூல் கழகத்தின் முதல் ஆட்டம். எதிர்த்து நின்றது, இரண்டாம் நிலை லீக்கிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த ஃபுல்ஹாம். நம் நாட்டு நேரப்படி மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய அவ்வாட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிவுற்றபோது, நமக்கு உண்டான எரிச்சல் இரவு உணவு வேளை வரையிலும் தணிந்தபாடில்லை. ஐம்பதைக் கடந்த ஒரு குருவுக்கு இது தகுமோ என்று அன்பு வாசகர் வினவலாம். வினவட்டும்.

கால்பந்து அன்பர்களின் பேச்சில் ஒரு விந்தையுண்டு. பந்தை ஒருமுறையேனும் உதைத்தறியாதவரும், "நாம் நன்றாக ஆடினோம், நாம் கோட்டை விட்டோம்" என்றே பேசுவர். எழுத்தில் "நாம்" என்றே எழுதிப் பழகிய நமக்கோ அது மிக எளிதாகக் கைவந்துவிட்டது!

இப்பற்றின் தொடக்கம் துயரமானது. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் அன்பர்கள் நெரிசலில் சிக்குண்டு மாண்ட செய்தியை, குருமடத்தில் நாளிதழில் படித்தோம். மாண்டோரின் தொகை பின்னாளில் 97 என்றாயிற்று. ஆட்டம் காணச் சென்ற பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. பழியோ அன்பர்கள் மீதே சுமத்தப்பட்டது. அவர்கள் மீது குற்றமில்லை என 2016இல் விசாரணை நடுவர் குழு கூறும்வரை, 27 ஆண்டுகள் அக்குடும்பங்கள் சளைக்காது போராடின. அந்நகரத்து ஆட்ட முடிவுகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் அன்று நம்மைப் பற்றியதுதான், இன்றுவரை விட்டபாடில்லை.

தோல்வியுறவில்லையே, சமநிலைதானே, பின் ஏன் இத்துணை வருத்தம் என்று கேட்போருண்டு. முன்னாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. ஆகவே சமநிலை என்பது பாதி வெற்றி. 1981இல் இங்கிலாந்தில் வெற்றிக்கு மூன்று புள்ளிகள் என விதி மாறிற்று. அன்று முதல் சமநிலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மேலும், ஒரு புள்ளியின் அருமையை லிவர்பூல் அன்பரைப் போல் அறிந்தவர் எவர்? 2018-19 பருவத்தில் 97 புள்ளிகள் பெற்றும், 98 பெற்ற மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தை இழந்தோம். 2021-22இல் 92, அவர்களோ 93. அப்பருவத்தில் நாம் தோற்ற லீக் ஆட்டங்கள் இரண்டே. சமநிலையில் விட்டவை எட்டு!

இனி அன்றைய ஆட்டம். முந்திய பருவத்தில் இரண்டாம் நிலை லீக்கில் 43 கோல்கள் அடித்த செர்பிய வீரர் மித்ரோவிச், 32ஆம் நிமிடத்தில் நம் தடுப்பாளரின் தலைக்கு மேல் எழும்பிப் பந்தை முட்டி உள்ளே தள்ளினார். புதிதாக வந்த நூனியெஸ் 64ஆம் நிமிடத்தில் சமன் செய்தார். மூச்சு விடுமுன், வான் டைக் செய்த தவற்றால் பெனால்டி, மீண்டும் மித்ரோவிச். 80ஆம் நிமிடத்தில் சாலா காப்பாற்றினார். இறுதி வேளையில் ஹெண்டர்சன் உதைத்த பந்து மேற்கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அக்கம்பத்தை நாம் இன்னும் மறந்தோமில்லை.

நம்மோடு அமர்ந்து பார்த்த பங்கு இளைஞர் ஒருவர் - மான்செஸ்டர் யுனைட்டெட் அன்பர், எனவே மிக்க இரக்கத்தோடு - "1998ஐ நினைத்துப் பாருங்கள், சாமி" என்றார். அவ்வாண்டு முதல் ஆட்டத்தில் அவருடைய கழகம் சொந்த அரங்கில் லெஸ்டரிடம் தோல்வியின் விளிம்பிலிருந்து, கடைசி நேரத்தில் பெக்காம் அடித்த கோலால் இரண்டுக்கு இரண்டு என மீண்டது. பருவ இறுதியில் அவர்கள் பெற்றவை 79 புள்ளிகள், ஆர்சனல் 78. மூன்று கோப்பைகளையும் வென்றார்கள். கணக்கு சரிதான். ஆறுதல்தான் இறங்க மறுத்தது.

ஏனெனில் நம்மை வருத்தியது இழந்த புள்ளிகளன்று. முந்திய பருவத்தில் எதிரணியை மூச்சு முட்டச் செய்த அந்த நடுக்களம், அன்று பந்துக்கு ஓரடி பின்தங்கியே ஓடிற்று. அதைக் கண்ட கண்களை ஏமாற்ற இயலுமோ? பருவ முடிவில் லிவர்பூல் 67 புள்ளிகளோடு ஐந்தாம் இடம்; நான்காமிடத்து நியூகாசில் 71. ஃபுல்ஹாமிடம் விட்ட இரண்டையும் கூட்டினாலும் எட்டாத தொலைவு அது.

அடுத்த ஆட்டமும் கிறிஸ்டல் பாலஸோடு ஒன்றுக்கு ஒன்று. அதற்கடுத்து மான்செஸ்டர் யுனைட்டெடிடம் தோல்வி. அவ்விளைஞரின் இரக்கம் அன்று மேலும் பெருகியது. ஆகஸ்ட் 27ஆம் நாள் போர்ன்மத் கழகத்தை ஒன்பதுக்குச் சுழியம் என்று வென்றார்கள். ஊரே கொண்டாட, நாம் மட்டும் அவ்வொன்பதில் ஒன்றே ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன் தேம்ஸ் கரையில் அடித்திருக்கலாகாதா என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தோம்.