கரிக்குப் பதில் கார்

வாலாஜாபாத்

அன்புள்ள செல்வம்,

சுரங்கத்து சைடிங்குகளைக் காத்த பழைய சிக்னல் கேபின்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்காக நான் கரிச் சுரங்கங்கள் நிறைந்த தன்பாத் போகவில்லை, ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் வந்திருக்கிறேன். சிரிக்காதே. நெய்வேலிக்குப் போயிருந்தாலும் பழுப்பு நிலக்கரி ரயிலில் அல்ல, பெல்ட்டில்தான் மின்நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ. இத்தனை ஆலை சூழ்ந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் இல்லை. ஆவடி–கூடுவாஞ்சேரி பாதை வெகுகாலமாகப் பேச்சோடு நிற்கிறது. அதனால் கார்கள் டிரெய்லரில் இங்கே வந்து ரயிலேறுகின்றன. அவற்றை ஏற்றும் வண்டிகளில் ஒருவகை என்.எம்.ஜி.: பயணிகளைச் சுமந்து ஓய்ந்த பழைய பெட்டிகள். இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களை அடைத்து, முனையில் கதவு வைத்திருக்கிறார்கள். முதலில் ஏறும் கார் எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் ஓடிக் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். அந்த இடுக்கில் கதவைத் திறந்து டிரைவர் எப்படி வெளியே வருகிறார் என்பதுதான் எனக்கு வியப்பு!

சரி, உன் கேபினுக்கு வருகிறேன். ஆலை எதுவானாலும் ரயில்வேக்குக் கவலை ஒன்றுதான்: சைடிங்கில் நிற்கும் வண்டி மெயின் லைனுக்கு உருண்டு வந்துவிடக் கூடாது. அதற்கு ட்ராப் பாயிண்ட் வைப்பார்கள். மீறி உருளும் வேகனை அது வேண்டுமென்றே தடம்புரள வைத்துவிடும். ஈவிரக்கமற்ற ஏற்பாடு, ஆனால் எக்ஸ்பிரஸ் தப்பிக்கும். மெயின் லைனிலிருந்து சைடிங் பிரியும் பாயிண்டையும் பூட்டி வைப்பார்கள். சிக்னலைச் சிவப்பில் நிறுத்தினால்தான் கேபினில் சாவி கழலும். அந்தச் சாவியைக் கொண்டுபோய்ப் பாயிண்டைத் திறக்கலாம். சாவி திரும்பி வரும்வரை அந்த சிக்னலை யாரும் இறக்கிப் பச்சை காட்ட முடியாது. இங்கிலாந்தில் ஆனெட் என்பவர் 1875இல் இந்தச் சாவிப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கரி சைடிங்குகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! கேபினுக்குள் சிக்னல் லீவர் சிவப்பு, பாயிண்ட் லீவர் கறுப்பு, பூட்டு லீவர் நீலம். எழுத்துத் தெரியாதவரும் தவறு செய்ய முடியாது. செய்ய முயன்றாலும் லீவர் அசையாது.

இப்போது அந்த வேலையை ரிலேயும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. ஸ்டேஷன் மாஸ்டர் பொத்தானை அழுத்துகிறார். உள்ளே இருக்கும் தர்க்கம் அதே சாவியின் தர்க்கம்தான். ஆகவே பழைய கேபின் கட்டடம் இடிந்தால் நான் அழமாட்டேன். லீவர் வரிசையை மட்டும் பழைய இரும்புக்குப் போடாமல், பிள்ளைகள் இழுத்துப் பார்க்க எங்காவது வைத்தால் போதும்.

நாளை காலை பாசஞ்சரில் காஞ்சிபுரம். அங்கிருந்து அரக்கோணம் போகும் துண்டு 1865இலேயே, மூன்றரை அடி அகலத்தில் போட்டது. அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
முரளி