நோக்கமும் குறிப்பும்

‘வந்த இடத்துக்கே திரும்பிப் போ’ என்னும் தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் வசைச்சொல் ஒன்றுகூட அகப்படாது. சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் வரும், குறிப்பாகவும் வரும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறார். ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்தி வருகிற நமக்கு, 2019ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்த முறையீடு ஒன்று இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அவ்வாண்டு ஜூலை 14 அன்று அமெரிக்க அதிபராக இருந்த டொனால்ட் டிரம்ப், நாடாளுமன்ற உறுப்பினர்களான நான்கு பெண்களைக் குறிவைத்து, அவர்கள் வந்த நாடுகளுக்கே திரும்பிச் செல்லலாமே என்று எழுதினார். நால்வருமே அமெரிக்கக் குடிமக்கள். மூவர் பிறந்ததும் அங்கேதான். மூன்று நாள் கழித்துப் பி.பி.சி.யின் காலைச் செய்தி நிகழ்ச்சியில் இது பேசப்பட்டபோது, நாகா மன்செட்டியிடம் உடனிருந்த தொகுப்பாளர் டான் வாக்கர் அவருடைய உணர்வைக் கேட்டார். நாகலட்சுமி என்ற பெயரின் சுருக்கமே நாகா. தாய் இந்தியாவிலிருந்தும் தந்தை மொரிஷியஸிலிருந்தும் வந்தவர்கள். அவர் பிறந்தது லண்டனில். இத்தொடர் தம்மை நோக்கிச் சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் அதன் உள்ளே இனவெறி இருந்தது என்றார். தாம் எவரையும் குற்றம் சாட்டவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். கடும் சினம் கொண்டிருப்பதையும் மறைக்கவில்லை.

நேயர் ஒருவர் முறையிட்டார். பி.பி.சி.யில் முறையீடுகள் படிப்படியாக மேலேறும். நேயர் தொடர்புப் பிரிவின் பதிலில் நிறைவுறாதவர் உள்விசாரணைப் பிரிவை அணுகலாம். அதன் பிறகு, 2017 ஏப்ரல் முதல், ஆஃப்காம் என்னும் வெளிக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. இந்த முறையீடு உள்விசாரணைப் பிரிவு வரை சென்றது. தொடக்கத்தில் தொகுப்பாளர் இருவரையும் குறித்த அது, அங்கே சென்றபோது மன்செட்டி ஒருவரைப் பற்றியதாகச் சுருங்கியிருந்தது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: தம் அனுபவத்தை அவர் கூறியது முறையே, ஆனால் சொன்னவரின் நோக்கத்தைப் பற்றிக் கருத்துரைத்தது நடுநிலை விதிக்கு மாறானது. முறையீடு ஓரளவு ஏற்கப்பட்டது.

இத்தீர்ப்பை எளிதில் எள்ளிவிடக் கூடாது. செய்தி வாசிப்பவர் தம் விருப்பு வெறுப்புகளைச் செய்தியில் கலக்கலாகாது என்பது நேயருக்கான காவல். இன்று நமக்கு உவப்பான கருத்துக்காக அவ்வேலியைப் பிரித்தால், நாளை உவப்பற்றது அதே வழியில் நுழையும். ஆயினும் இங்கே சிக்கல் வேறு. சொல் புண்படுத்தியது உண்மை. சொன்னவரின் நோக்கத்தைத் தொடாதே என்கிறது தீர்ப்பு. குறிப்புப் பொருளை ஒப்புக்கொண்டுவிட்டு, அக்குறிப்பை வைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் விட்டுவிட முடியுமா?

அப்படி விட்டுவிட முடியும் என்று நாமே ஒருமுறை எழுதியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் விசாரணைக் குழுவில் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்து படித்த மாணவியிடம் ஆசிரியர் ஒருவர், ‘உங்கள் நாட்டில் இதெல்லாம் உண்டா?’ என்று கேட்டிருந்தார். இதிலும் வசைச்சொல் கிடையாது. ‘உள்நோக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை’ என்று நாம் எழுதினோம், அனைவரும் கையொப்பமிட்டோம். அப்பெண் நோக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அக்கேள்வி தம்மிடம் கேட்கப்படுவது அது எத்தனையாவது முறை என்பதைத்தான் சொல்ல வந்திருந்தார். அதை எழுத நம் படிவத்தில் இடமில்லை.

பி.பி.சி. தீர்ப்பை எதிர்த்து ஒளிபரப்புத் துறையினரும் கலைஞர்களும் திறந்த மடல் எழுதினார்கள். செப்டம்பர் 30 அன்று தலைமை இயக்குநர் டோனி ஹால், முறையீட்டை ஓரளவேனும் ஏற்பதற்கு அவர் சொற்கள் போதுமானவையல்ல என்று கூறித் தீர்ப்பை மாற்றினார். நிகழ்ச்சியில் விதிமீறல் ஏதுமில்லை என்று கண்ட ஆஃப்காம், முறையீடுகளைக் கையாளும் விதத்தில் போதிய வெளிப்படைத்தன்மை இல்லை என்று கடிந்தது.

அடுத்த ஆண்டு இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 2020 ஜூலையில் பிரிஸ்டல் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவர் தாக்கப்பட்ட செய்தியைச் சொல்கையில், தாக்கியவர்கள் கூவிய இழிசொல்லைப் பி.பி.சி. செய்தியாளர் அப்படியே உச்சரித்தார். 18,600க்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. நோக்கம் நல்லது, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் ஒப்புதலும் உண்டு, முன்னெச்சரிக்கையும் தந்தோம் என்பது நிறுவனத்தின் முதல் விடை. பி.பி.சி. வானொலித் தொகுப்பாளர் சைட்மேன் பதவி விலகினார். மறுநாள், ஆகஸ்ட் 9 அன்று, அதே டோனி ஹால் அது தவறே என்று ஏற்று வருத்தம் தெரிவித்தார்.

முதலாவதில் ஒரே ஒரு முறையீடு, இரண்டாவதில் பல்லாயிரம். ஆனால் இரண்டிலும் முதல் விடை சொல்பவரின் நோக்கத்தையே சுற்றி வந்தது. ஒன்றில் அது தொடக்கூடாத பொருள். மற்றொன்றில் அதுவே கேடயம். இரு முறையும் முடிவு மாறியதற்கு, அச்சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன காதுகள் வெளியே நின்று உரக்கப் பேச வேண்டியிருந்தது. குறிப்பு என்பது சொல்பவரின் மனத்தில் மட்டும் இருப்பதன்று. கேட்பவரின் நினைவிலும் இருக்கிறது. விசாரிக்க அமர்பவர், சொன்னவரிடம் ‘ஏன் சொன்னீர்?’ என்று கேட்பதற்கு முன், கேட்டவரிடம் ‘இதற்கு முன் எங்கெல்லாம் கேட்டீர்?’ என்று வினவினால் நடுநிலை கெட்டுவிடாது.

அம்மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். நாம் கையொப்பமிட்ட அறிக்கை ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். குறிப்புப் பொருளைக் கற்பிக்க நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒற்றை வரி நினைவுக்கு வருகிறது.